அறுபதாம் கல்யாணமும் முப்பத்திரண்டு வயதும்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திருக்கடையூர். நல்ல நாள் பார்த்துப் போனால் அமிர்தகடேசுவரர் கோயில் பிரகாரத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. அங்கங்கே ஹோமப் புகை. ஒவ்வொரு புகைக்கும் எதிரே கழுத்து நிறைய மாலையோடு ஒரு தம்பதி. மகன்களும் மகள்களும் மருமக்களும் வரிசையில் நின்று கலசத்து நீரை ஒவ்வொருவராக அவர்கள் தலையில் ஊற்றுகிறார்கள். ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு வந்ததும் பாட்டியின் கழுத்தில் தாத்தா மறுபடியும் தாலி கட்டுகிறார். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த காலசம்ஹார மூர்த்தி இருக்கும் தலம் என்பதால் ஆயுள் வேண்டுகிறவர்கள் இங்கேதான் வருகிறார்கள். 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி, 60 நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, 70இல் பீமரத சாந்தி, 80ஐத் தாண்டினால் சதாபிஷேகம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சடங்கு உண்டு.

இதன் பக்கத்தில் இன்னொரு தகவலை வைத்துப் பார்க்கலாம். நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு. 1941க்கும் 1951க்கும் இடைப்பட்ட பத்தாண்டுக்கு மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்த எண் அது. இன்று அது 70.

முப்பத்திரண்டில் வாழ்க்கை முடிந்துவிடும் ஊரில் அறுபதுக்கும் எண்பதுக்கும் யார் சடங்கு வகுத்தார்கள்? யாருக்காக?

டெல்டா வீடுகளில் இந்தக் கேள்வி இரண்டு பதில்களாகப் பிரிந்து கிடக்கிறது. திண்ணையில் இருக்கும் பெரியவர், "எங்க தாத்தா பழைய சோத்தைக் குடிச்சுட்டு தொண்ணூறு வரைக்கும் வயல்ல நின்னாரு. இப்ப உள்ளதுங்க நாப்பதுலேயே மாத்திரை முழுங்குது" என்பார். உள்ளே படித்துக்கொண்டிருக்கும் பேத்தி, "அந்தக் காலத்துல முப்பது வயசுலேயே எல்லாரும் செத்துப்போயிடுவாங்க தாத்தா, புஸ்தகத்துல போட்டிருக்கு" என்பாள். தாத்தா சொல்வது அவர் கண்ணால் கண்டது. பேத்தி சொல்வது அரசாங்கக் கணக்கு. இரண்டில் எதையும் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அவற்றிலிருந்து இருவரும் எடுத்துக்கொள்ளும் பொருள் தவறு. அந்தத் தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட, கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்குப் போவோம்.

சாரங்கபாணி சன்னிதித் தெரு

கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இந்தத் தெருவில்தான் இருக்கிறது. ஓட்டு வீடு, தெருவைப் பார்த்த திண்ணை. இப்போது சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை நினைவகமாகப் பராமரிக்கிறது. வருகிறவர்கள் கணிதத்தை நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நாம் அந்த வீட்டின் பிறப்பு இறப்புகளை மட்டும் பார்க்கலாம்.

கோமளத்தம்மாளுக்கு மூத்த பிள்ளை ராமானுஜன், 1887இல் ஈரோட்டில் தாய்வீட்டில் பிறந்தவர். அவருக்கு ஒன்றரை வயதானபோது சடகோபன் பிறந்தான்; மூன்று மாதம்கூட இருக்கவில்லை. 1889 டிசம்பரில் ராமானுஜனுக்கே பெரியம்மை கண்டது. அந்தக் கெட்ட காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஏறத்தாழ 4,000 பேர் அம்மையில் போனார்கள். இரண்டு வயதுக் குழந்தை பிழைத்துக்கொண்டது. 1891இல் ஒரு குழந்தை, 1894இல் இன்னொன்று. இரண்டுமே முதல் பிறந்தநாளைக் காணவில்லை. பின்னால் பிறந்த இரண்டு தம்பிகள் வளர்ந்து ஆளானார்கள்.

ஆறு பிள்ளைகள், மூவர் ஓராண்டைக்கூட முடிக்கவில்லை. ராமானுஜன் 1920 ஏப்ரலில் சென்னை சேத்துப்பட்டில் காலமானபோது அவருக்கு வயது 32. காசநோய் என்று அன்று மருத்துவம் பார்த்தார்கள். பிற்காலத்தில் அவருடைய நோய்க் குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர் ஒருவர், கெட்ட நீர் வழியாக வரும் அமீபா கல்லீரலில் தங்கியதே காரணமாக இருந்திருக்கலாம் என்று 1994இல் எழுதினார்.

அதே 1994இல்தான் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள் காலமானார், 95 வயதில். பத்து வயதில் மணமாகி, இருபத்தொன்றில் கணவரை இழந்து, திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, அதன் பிறகு 74 ஆண்டு வாழ்ந்தவர் அவர்.

ஒரே குடும்பத்தில் மூன்று மாதமும் இருக்கிறது, முப்பத்திரண்டும் இருக்கிறது, தொண்ணூற்றைந்தும் இருக்கிறது. காவிரிக் கரையில் இது விதிவிலக்கும் அல்ல. பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தின் உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்து 1942 வரை, 87 ஆண்டு இருந்தார். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 60 வயதில் மறைந்தார். இவர்களெல்லாம் பெயர் எழுதிவைக்கப்பட்டவர்கள். அதே ஊர்களின் பண்ணையாள் தெருக்களில் எத்தனை குழந்தைகள் பிறந்து எத்தனை மறைந்தன என்பதை இப்படி வீடு வீடாகச் சொல்ல நம்மிடம் ஏடு இல்லை. அங்கே நிலைமை இன்னும் கொடுமையாகத்தான் இருந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பத்துக் குழந்தைகள்

சராசரி ஆயுள் என்ற எண் எப்படி உருவாகிறது? ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். நூறு வருஷத்துக்கு முந்திய தெரு. ஒரே ஆண்டில் அங்கே பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன. ஒவ்வொருவரையும் கடைசி நாள் வரை தொடர்ந்து பார்த்து, இறந்த வயதைக் குறித்துக்கொண்டே வருகிறோம்.

மூன்று குழந்தைகள் முதல் ஆண்டுக்குள்ளேயே போய்விடுகின்றன. பூர்த்தியான வயது கணக்கில் அவை 0, 0, 0. நான்காவது குழந்தை 3 வயதில் பேதியில் போகிறது. ஐந்தாவது, தலைப்பிரசவத்தில் 22 வயதில் இறக்கும் பெண். ஆறாமவர் 35, காலரா. ஏழாமவர் 52. மிச்சம் மூன்று பேர் 61, 68, 79 வயது வரை இருக்கிறார்கள்.

எல்லா வயதையும் கூட்டுங்கள்: 320. பத்தால் வகுத்தால் 32.

சுதந்திர இந்தியாவின் அந்தப் பிரபலமான எண் இங்கேயும் வந்துவிட்டது. இப்போது தெருவைத் திரும்பிப் பாருங்கள். பத்துப் பேரில் 32 வயதில் இறந்தவர் யார்? ஒருவரும் இல்லை. மூன்று பேர் அறுபதைத் தாண்டியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சடங்கு செய்து வைக்க ஐயரும் வந்திருப்பார், பந்தலும் போட்டிருப்பார்கள். தெருவில் தாத்தாவும் இருந்தார், பாட்டியும் இருந்தார்.

இன்னும் கொஞ்சம் கணக்குப் போடுவோம். முதல் மூன்று குழந்தைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு வயதைக் கடந்த ஏழு பேரை மட்டும் எடுத்தால் சராசரி 45க்கு மேல் போகிறது. மூன்று வயதில் இறந்த குழந்தையையும் ஒதுக்கினால், ஐந்து வயதைக் கடந்த ஆறு பேரின் சராசரி ஏறக்குறைய 53. அறுபதைத் தொட்ட மூவரை மட்டும் பார்த்தால் 69. ஆட்கள் மாறவில்லை, அவர்கள் இறந்த நாளும் மாறவில்லை. எந்த வயதில் நின்றுகொண்டு கணக்கைத் தொடங்குகிறோம் என்பது மட்டும் மாறுகிறது.

மக்கள்தொகை ஆய்வாளர்கள் சொல்லும் சராசரி ஆயுள் என்பது பிறந்த கணத்தில் நின்று போடும் கணக்கு. இதைப் 'பிறப்பு ஆயுள்' என்று வைத்துக்கொள்வோம். அன்றைய இறப்பு விகிதங்கள் அப்படியே நீடித்தால் இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டு வாழும் என்பதே அதன் பொருள். குழந்தைச் சாவு அதிகமாக உள்ள ஊரில் தொட்டிலிலேயே விழும் பூஜ்யங்கள் இந்த எண்ணைப் பிடித்துக் கீழே இழுத்துவிடும். பெரியவர்கள் எத்தனை வயது வரை தாக்குப்பிடித்தார்கள் என்பதை அது காட்டாது. நாற்றங்காலிலேயே பாதி நாற்று அழுகிப்போன வயலின் கண்டுமுதலை வைத்துக்கொண்டு, நின்று விளைந்த பயிரின் கதிர் எவ்வளவு நீளம் என்று சொல்ல முடியாது அல்லவா, அதைப் போலத்தான்.

திண்ணைப் பெரியவரின் பக்கமும் ஓட்டை இருக்கிறது. அவருக்குத் தாத்தா நினைவிருக்கிறார், ஏனென்றால் தாத்தா இருந்தார். தாத்தாவோடு பிறந்து பெயர் வைக்கும் முன்பே போன குழந்தைகளைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பிழைத்தவர்களை மட்டும் பார்த்து ஒரு காலத்தை எடைபோட்டால் எந்தக் காலமும் பொற்காலமாகத் தெரியும்.

ஹாலி போட்ட அட்டவணை

தஞ்சையில் மராத்திய மன்னர் ஷாஜி ஆண்டுகொண்டிருந்த 1693ஆம் ஆண்டில், லண்டனில் எட்மண்ட் ஹாலி இந்தக் கணக்கை உண்மையான மனிதர்களை வைத்துப் போட்டார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். அன்று ப்ரெஸ்லாவ் என்றும் இன்று போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் என்றும் வழங்கும் நகரத்தில், காஸ்பர் நாய்மன் என்ற பாதிரியார் பிறப்பையும் இறப்பையும் வயதோடு குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் ஹாலியின் கைக்கு வந்தன.

முதல் ஆண்டில் இருக்கும் 1,000 குழந்தைகளில் தொடங்குகிறார் ஹாலி. பத்து வயதில் 661 பேர் மீதி. இருபதில் 598. நாற்பதில் 445. அறுபதில் 242. எழுபதில் 142. எண்பதில் 41. தடுப்பூசி தெரியாத, கிருமி என்ற ஒன்றே தெரியாத ஊர். அங்கேயும் நாலில் ஒருவர் அளவுக்கு அறுபதைத் தொட்டிருக்கிறார்கள். நம் கற்பனைத் தெரு அவ்வளவு கற்பனை இல்லை என்பதற்கு இது சாட்சி.

இப்படி வயது வாரியாக எத்தனை பேர் மீதி என்று காட்டும் பட்டியலுக்கு வாழ்வு அட்டவணை என்று பெயர். ஆயுள் காப்பீட்டுத் தொழில் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. முப்பது வயதுக்காரரிடம் எவ்வளவு பிரீமியம் வாங்குவது, ஐம்பது வயதுக்காரரிடம் எவ்வளவு என்று எல்.ஐ.சி. முடிவு செய்வது இதை வைத்துத்தான். நம் ஊர் ஏஜென்ட் விரலால் தடவிக் காட்டும் பிரீமியப் பட்டியலுக்கு மூதாதை ஒரு பாதிரியாரின் இறப்புப் பதிவேடு.

தண்ணீர் கொடுத்ததும் எடுத்ததும்

பூஜ்யங்கள் ஏன் விழுந்தன? காவிரி டெல்டாவில் பாதி விடை தண்ணீரில் இருக்கிறது. ஆற்றில் குளித்து, வாய்க்காலில் துணி துவைத்து, அதே வாய்க்காலில் குடத்தை முக்கி வந்த ஊர்களில் காலராவும் சீதபேதியும் தண்ணீரோடு தெருத்தெருவாகப் போயின. பேதியில் குழந்தை சாவது கிருமி நேரடியாகக் கொல்வதால் அல்ல. உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான். கொதித்து ஆறிய நீரில் சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடும். இவ்வளவு எளிய மருந்து உலகத்துக்குத் தெரியவந்தது 1960களின் கடைசியில்தான். அதுவரை எத்தனையோ வீடுகளில், பேதி கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். நினைத்தால் மனம் ஆறவில்லை.

இன்னொரு கதை பட்டுக்கோட்டைப் பக்கம் நடந்தது. அது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதன் நீரை வைத்து, கல்லணையிலிருந்து ஒரு புதிய கால்வாய் தெற்கே வெட்டப்பட்டது. ஏட்டில் அது கல்லணைக் கால்வாய்; தஞ்சாவூர்க்காரர்களுக்குப் 'புது ஆறு'. வானம் பார்த்த பூமியாக இருந்த பட்டுக்கோட்டை வட்டாரத்துக்கு நெல் வந்தது. கூடவே மலேரியாவும் வந்தது. பழைய டெல்டாவில் அந்த அளவுக்கு இல்லாத காய்ச்சல், புதிதாகப் பாசனம் பெற்ற ஊர்களில் பரவியது.

ராக்பெல்லர் அறக்கட்டளையின் சார்பில் வந்த பால் ரஸ்ஸல் என்ற மருத்துவரும் அவரோடு வேலை செய்த இந்தியர்களும் 1930களின் பிற்பகுதியில் அங்கே முகாமிட்டார்கள். ஓரங்களில் கசிந்து தேங்கிய நீர், தூர்ந்த வாய்க்கால், வடியாத பள்ளம் என ஒழுங்கில்லாத பாசனமே காரணம் என்று கண்டார்கள். இடையில் அவர்களுக்கு ஒரு புதிர் கிடைத்தது. நட்ட புதிதில் வயல் நீரில் கொசுப்புழு நெளிகிறது; பயிர் ஒரு அடிக்கு மேல் வளர்ந்ததும் மலேரியாவைப் பரப்பும் அந்தக் கொசுவின் புழு காணாமல் போகிறது. நீர் மாறிவிட்டதா? நிழல் காரணமா? சோதிக்க அவர்கள் செய்த காரியம் அழகானது. நெற்பயிருக்குப் பதிலாக மூங்கில் குச்சிகளையும் கண்ணாடிக் கம்பிகளையும் நீரில் நட்டுப் பார்த்தார்கள். கண்ணாடியில் நிழலும் இல்லை, சாறும் இல்லை. அப்போதும் கொசு முட்டையிட வரவில்லை. அந்தக் கொசு பறந்துகொண்டே தண்ணீருக்கு மேல் தாழ்ந்து ஆடி முட்டை போடும் வகை. நெருக்கமாக நிற்கும் தாள்கள் அதன் வழியை மறித்துவிடுகின்றன. ஆகவே ஆபத்தான காலம் நடவை ஒட்டிய வாரங்கள்தான் என்று தெரிந்தது. எந்தெந்த வாரத்தில் எங்கே கவனம் வைப்பது என்று திட்டமிட அது உதவியது.

ஆயுளை நீட்டிய வேலை பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். அது சஞ்சீவி மூலிகை தேடிய வேலை அல்ல. வாய்க்காலில் குனிந்து புழு எண்ணிய வேலை. அம்மை குத்த வீடு வீடாகப் போனவர்கள், புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கதவைச் சாத்திய வீடுகளிலும் பொறுமையாகப் பேசி ஊசி குத்தினார்கள். இந்தியாவில் பெரியம்மை 1975இல் நின்றது. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தலைவலி காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் தெருவுக்குள் வந்த 'நர்ஸம்மா', பள்ளியில் மத்தியானச் சோறு, கர்ப்பிணிக்குப் போட்ட ரணஜன்னி ஊசி. இவற்றின் விளைவை ஒரே எண்ணில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. 2020இல் 13.

நம் கற்பனைத் தெருவுக்குத் திரும்பினால் இதன் பொருள் விளங்கும். அங்கே பெரியவர்கள் யாருக்கும் ஒருநாள்கூடக் கூட்டிக் கொடுக்காமல், ஐந்து வயதுக்குள் போன நான்கு குழந்தைகளையும் காப்பாற்றி மற்றவர்களைப் போலவே வாழ விட்டால், தெருவின் பிறப்பு ஆயுள் 32லிருந்து 53க்குத் தாவிவிடும். உண்மையில் பெரியவர்களின் ஆயுளும் கூடியிருக்கிறது. பிரசவத்தில் சாவது குறைந்தது, காசநோய்க்கு மருந்து வந்தது, பஞ்சம் போயிற்று. ஆனால் முதல் பெரிய தாவல் தொட்டிலில்தான் நடந்தது.

எதிர்த்திசையிலும் இந்த எண் பாயும். 1911க்கும் 1921க்கும் இடையே இந்தியரின் பிறப்பு ஆயுள் 20 அளவுக்கு விழுந்தது. 1918இன் விஷக்காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியரைக் கொண்டுபோனதே முக்கியக் காரணம்.

வெள்ளத்து வருஷம் பிறந்தவள்

ஒருவருக்கு 95 வயது என்று எப்படித் தெரியும்? ஜானகி அம்மாளைப் போலப் பிறந்த தேதி தெரிந்தவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. பிறப்பையும் இறப்பையும் கட்டாயமாகப் பதியும் நாடு தழுவிய சட்டம் 1969இல்தான் வந்தது.

டெல்டாவின் மூதாட்டிகள் வேறு நாட்காட்டி வைத்திருந்தார்கள். 'தாது வருஷப் பஞ்சத்துல எங்க ஆத்தா பிறந்தா' என்றால் 1876-77. 'ரக்தாட்சி வெள்ளத்தப்ப நான் கைப்பிள்ளை' என்றால் காவிரியில் பெருவெள்ளம் வந்த 1924. '52 புயலப்ப தலைச்சன் வயித்துல' என்றால் நாகப்பட்டினத்தைப் புரட்டிப்போட்ட 1952 நவம்பர். கணக்கெடுக்க வருபவர்கள் இதையே முறையாகக் கையாளக் கற்றுக்கொண்டார்கள். அந்தந்த வட்டாரத்தின் வெள்ளம், புயல், பஞ்சம், தேர்தல் எல்லாவற்றையும் வருஷவாரியாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டியின் நினைவை அதன் மேல் பொருத்துவார்கள். இது பல நேரம் பாட்டி வாயால் சொல்லும் வயதைவிட நம்பகமானது. ஏனென்றால் கேட்டவுடன் சொல்லும் வயது பெரும்பாலும் 60, 65, 70 என்று 0இலோ 5இலோதான் முடியும். எழுபதைத் தாண்டியவர்கள் பெருமைக்காகச் சில வருஷத்தைச் சேர்த்துச் சொல்வதும் உலகம் முழுக்க உள்ள வழக்கம். நூறைத் தாண்டியவர்கள் குவிந்து கிடப்பதாகச் சொல்லும் இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் முதலில் தேடுவது அவர்களின் உணவுப் பழக்கத்தை அல்ல, பிறப்புப் பதிவேட்டை.

ஆயிரம் பிறை

சதாபிஷேகம் செய்துகொண்டவரை 'ஆயிரம் பிறை கண்டவர்' என்பார்கள். ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறைக்கு இருபத்தொன்பதரை நாளும் சற்றுக் கூடுதலும். ஆயிரம் பிறைக்கு 29,530 நாள். அதாவது 80 வருஷமும் 10 மாதமும். வழக்கம் வகுத்தவர்கள் வானத்தைச் சரியாகவே எண்ணியிருக்கிறார்கள். சராசரி 70ஐத் தொட்ட பிறகும் எண்பது அதே எண்பதுதான், இன்னும் அரிய வயதுதான் என்பதைக் கவனியுங்கள். அங்கே போய்ச் சேருகிறவர்கள் பெருகியிருக்கிறார்களே தவிர, படி தள்ளிப்போகவில்லை.

மனிதர் எட்டக்கூடிய உச்சத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஆவணங்களோடு சரிபார்க்கப்பட்ட மிக நீண்ட ஆயுள் பிரான்சின் ழான் கால்மான் என்ற பெண்மணியுடையது: 122 ஆண்டு, 164 நாள். 1997இல் இறந்தார். அதன் பிறகு உலகில் நூறு வயதுக்காரர்கள் எத்தனையோ மடங்கு பெருகியும் அவரை இதுவரை ஒருவரும் தாண்டவில்லை.

காரணத்தின் ஒரு பகுதியை 1825இலேயே பெஞ்சமின் கொம்பர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுகொண்டார். அவரும் காப்பீட்டுக் கணக்கு போட்டவர். நடுவயதுக்குப் பிறகு, அடுத்த ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்பது அந்தக் கண்டுபிடிப்பு. அறுபதிலிருந்து நூறுக்கு நாற்பது ஆண்டு, ஐந்து முறை இரட்டிப்பு, 32 மடங்கு. கிருமியை விரட்டலாம், தண்ணீரைச் சுத்தமாக்கலாம். ஆனால் உடம்பின் உயிரணுக்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்ளும் திறன் வயதோடு குறைவதை நிறுத்த இன்னும் வழி கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால்தான் சராசரி வேகமாக ஏறியும் உச்சம் அசையாமல் நிற்கிறது.

மீதி ஆயுள்

இந்தக் கணக்கு நம் வீட்டுக் கூடத்தில் எங்கே தொடுகிறது?

அறுபது முடிந்த ஒருவர் செய்தித்தாளில் இந்தியரின் சராசரி ஆயுள் 70 என்று படிக்கிறார். 'இன்னும் பத்து வருஷம்' என்று மனதுக்குள் கழித்துக்கொள்கிறார். இது தப்பான கழித்தல். எழுபது என்பது பிறந்த குழந்தையின் கணக்கு. அதில் ஒரு வயதில் போனவரும் இருக்கிறார், நாற்பதில் விபத்தில் போனவரும் இருக்கிறார். இவர் அதையெல்லாம் தாண்டி வந்தவர். அறுபதில் நின்று முன்னே பார்க்கும் எண்ணுக்கு 'மீதி ஆயுள்' என்று பெயர் வைப்போம். இந்தியாவில் இன்று அது சராசரியாக 18 ஆண்டு. பெண்களுக்கு ஆண்களைவிட ஓரிரு ஆண்டு கூடுதல்.

பத்துக்கும் பதினெட்டுக்கும் உள்ள வித்தியாசம் டெல்டாவில் நிலத்தின் மேல் விழுகிறது. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, 'நமக்கு இனி எதுக்கு' என்று இருக்கும் மூன்று மா நான்கு மா நிலத்தைப் பிள்ளைகள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுவது பல குடும்பங்களில் நடக்கிறது. பிள்ளை திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பான். நிலம் குத்தகைக்கோ விற்பனைக்கோ போகும். பத்து வருஷத்துக்குப் போதும் என்று கையில் வைத்துக்கொண்ட பணம் எழுபதில் தீரும்போது, எதிரே இன்னும் எட்டு ஆண்டு நிற்கும். அதுவும் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் எட்டு ஆண்டு.

மனைவியின் கணக்கு இன்னும் நீளம். கணவரைவிட ஐந்து வயது இளையவள், அதற்கு மேல் பெண்ணுக்குரிய கூடுதல் ஓரிரு ஆண்டு. சராசரியாகப் பார்த்தால் கணவருக்குப் பிறகு அவள் தனியாக இருக்கப்போவது ஆறேழு ஆண்டு. நடவுக்கும் களைக்கும் நாற்பது வருஷம் அந்த நிலத்தில் குனிந்தவள் பெயர் பெரும்பாலும் பட்டாவில் இருக்காது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பிள்ளைகள் அந்த நிபந்தனையை மீறினால் ரத்து செய்யக் கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருந்தால் வழக்கு எளிது. வாய்வார்த்தையாக இருந்தால் நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே பத்திரம் எழுதுபவரிடம் உட்காரும்போது, பராமரிப்பு நிபந்தனையைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அந்த வரியில் கணவரோடு மனைவியின் பெயரும், 'இருவரில் கடைசியாக இருப்பவரின் ஆயுள் வரை' என்ற சொற்களும் இருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.